ஏணியிலிருந்து விழுந்தவரின் தலைக்கவசம் எங்கே போனது?

வாசகர் கேள்வி:

நான் ஒரு நடுத்தரக் கட்டுமான நிறுவனத்தில் தள மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் தளத்தில் ஏறத்தாழ அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அனைவருக்கும் ஹெல்மெட் கொடுத்திருக்கிறோம். ஆறு மாதங்களுக்குள் இரண்டு விபத்துகள் நடந்துவிட்டன. முதலாவதில், சாரம் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிளாம்ப் கீழே நின்றவரின் உச்சந்தலையில் விழுந்தது. அவருக்குக் கழுத்து வலியைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. இரண்டாவதில், இரண்டு மீட்டர் உயரத்தில் ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தவர் சறுக்கி விழுந்தார். விழும்போதே ஹெல்மெட் கழன்று எங்கோ போய்விட, பின்தலை திண்டின் விளிம்பில் மோதிப் பதினொரு தையல் போடவேண்டியதாயிற்று. நிறுவன உரிமையாளர் புதிய ஹெல்மெட்டுகள் வாங்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் விற்பனையாளர்கள் ஆளுக்கொரு வகையைச் சொல்கிறார்கள், விலையிலும் பல மடங்கு வேறுபாடு இருக்கிறது. தொழிலாளர்களோ வெக்கை, தலைவலி என்று இப்போதுள்ளதையே கழற்றி வைக்கிறார்கள். எதை வாங்குவது? எல்லோருக்கும் மாற்றியாக வேண்டுமா? முதல் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லாததால் அதை இன்னும் பயன்படுத்தி வருகிறோம், அது சரிதானா?

ஆலோசகரின் பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நாளைக் காலை வரை காத்திருக்கக் கூடாதது. கிளாம்ப் விழுந்த அந்த ஹெல்மெட்டை இன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்து அலமாரியில் வைத்தால் போதாது. இன்னொருவர் கைக்குப் போக முடியாதபடி வெட்டியோ உடைத்தோ அப்புறப்படுத்துங்கள். ஒரு பலமான அடியைத் தாங்கும்போது ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழலாம், உள்ளிருக்கும் பட்டைகளின் தையலும் அவை ஓட்டில் மாட்டியிருக்கும் கொக்கிகளும் இழுபட்டுத் தளரலாம். உள்ளே நுரைப்பூச்சு உள்ள வகையாக இருந்தால், நசுங்கிய நுரை மறுபடி எழும்பி நிற்காது. இரண்டாவது அடி எப்படிப்பட்டதாக இருந்தாலும் முதல் அடியைத் தாங்கியது போல அது தாங்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. கீறல் இல்லை என்பதை வைத்து அது நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது, இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த கட்டுமானத் தளங்களில் மிகப் பரவலாக இருக்கும் தவறு. அதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு விபத்துகளையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எதை வாங்குவது என்பதற்கான விடை பாதிக்கு மேல் கிடைத்துவிடும். முதல் விபத்தில் பொருள் விழுந்தது, ஆள் நின்றார். இரண்டாவதில் ஆள் விழுந்தார், பொருள் நின்றது. உங்களிடம் இப்போது இருக்கும் வழக்கமான தொழிற்சாலை ஹெல்மெட் முதலாவதற்காக உருவாக்கப்பட்டது, அதைச் செவ்வனே செய்தும் காட்டியது. இரண்டாவது வகை விபத்து அதன் வடிவமைப்பில் இடம்பெறவே இல்லை.

இது ஏன் என்று புரிந்துகொள்ள, ஹெல்மெட் வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வழக்கமான ஹெல்மெட்டின் ஓடு அடியைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஒரு புள்ளியில் விழும் அடியைப் பரப்பித் தருவதுதான் அதன் பணி. அடியின் ஆற்றலை உண்மையில் வாங்கிக்கொள்வது உள்ளே தொட்டில் போலத் தொங்கும் பட்டைகள். உச்சந்தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். ஓடு கீழே அமுங்கி, பட்டைகள் இழுபட்டு, அந்த இடைவெளி சுருங்குவதற்குள் விழுந்த பொருளின் வேகம் அடங்கிவிட வேண்டும் என்பதே கணக்கு. ஐரோப்பாவின் இஎன் 397 தரத்தில், 5 கிலோ எடையுள்ள உருண்டை முகப்புக் கட்டியை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் உச்சியில் போட்டுப் பார்க்கிறார்கள். தலை வடிவக் கட்டைக்குக் கடத்தப்படும் விசை 5 கிலோநியூட்டனை, அதாவது ஏறத்தாழ 500 கிலோ எடை அழுத்தும் விசையை, தாண்டக் கூடாது. அந்தக் கட்டி கொண்டுவரும் ஆற்றல் ஏறத்தாழ 49 ஜூல். அதை 3 சென்டிமீட்டர் தூரத்தில் அடக்கினால் சராசரி விசை 1.6 கிலோநியூட்டன் அளவில் நிற்கும். அரை சென்டிமீட்டரில் அடக்க வேண்டியிருந்தால் அதே விசை 10 கிலோநியூட்டனை நெருங்கிவிடும். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே பீடிக்கட்டு, செல்பேசி, மடித்த துண்டு, கையுறை என்று எதையாவது செருகி வைக்கும் பழக்கம் ஏன் ஆபத்தானது என்பதை இந்த ஒரு கணக்கைச் சொல்லி உங்கள் மேஸ்திரிகளுக்கு விளக்கிவிடலாம். அந்த வெற்றிடம்தான் பாதுகாப்பு. அதை நிரப்பினால் பாதுகாப்பு காலியாகிவிடும்.

இப்போது அதே ஹெல்மெட்டைக் கையில் எடுத்து, காதுக்கு மேலேயும் பின்தலையிலும் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே தலையைச் சுற்றிவரும் பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவே சொற்ப இடமே இருக்கும், அதிர்ச்சியை வாங்க நுரை எதுவும் இருக்காது. பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஓர் அடி விழுந்தால், ஏறத்தாழ அப்படியே மண்டையோட்டுக்குப் போய்விடும். மேலே சொன்ன தரத்தின் நெடுநாள் நடைமுறையிலும் அதிர்ச்சிச் சோதனை உச்சியில்தான் செய்யப்பட்டு வந்தது. விழும் மனிதர் உச்சந்தலையைக் குறிபார்த்துத் தரையில் மோதுவதில்லை. பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோதான் பெரும்பாலும் மோதுகிறார், அதுவும் ஹெல்மெட் அந்தக் கணம் வரை தலையில் இருந்தால்தான்.

அது இருப்பதில்லை என்பதை உங்கள் மின்பணியாளரின் விபத்து காட்டிவிட்டது. உங்கள் தளத்தில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொல்லி, கையால் பிடிக்காமல் இடுப்பு வரை குனிந்து தலையை இருபுறமும் ஆட்டச் சொல்லுங்கள். யாருடைய ஹெல்மெட் தரையில் விழுகிறதோ, அவருக்கு ஏணியிலோ சாரத்திலோ தடுமாறும்போது தலையில் ஒன்றும் இல்லை என்றே கொள்ளுங்கள். நான் ஆலோசனைக்குச் செல்லும் தளங்களில் முதல் நாள் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறேன். எத்தனை பக்க அறிக்கையும் நிர்வாகத்தை உறைக்க வைக்காத இடத்தில், வரிசையாகத் தரையில் உருளும் ஹெல்மெட்டுகள் உறைக்க வைக்கின்றன.

ஆகவே உங்கள் தளத்துக்கு நான் பரிந்துரைக்கும் முதல் மாற்றம் தாடைப்பட்டை. விலையில் மிகக் குறைவானதும் பயனில் மிகப் பெரியதும் அதுதான். இப்போதுள்ள ஹெல்மெட்டுகளுக்கு அவற்றின் தயாரிப்பாளரே தாடைப்பட்டை விற்கிறாரா என்று விசாரியுங்கள். விற்றால், புதியவை வந்து சேரும் வரை காத்திருக்காமல் உடனே மாட்டுங்கள். ஓட்டில் நீங்களே துளையிட்டுக் கயிறு கோத்துவிடாதீர்கள். துளையைச் சுற்றித்தான் விரிசல் தொடங்கும். மின்காப்பும் அத்துடன் போய்விடும்.

தாடைப்பட்டையிலும் இரண்டு தத்துவங்கள் இருக்கின்றன, இதை விற்பனையாளர்கள் பெரும்பாலும் விளக்குவதில்லை. இஎன் 397 தரத்தின் நெடுநாள் நடைமுறைப்படி தாடைப்பட்டையின் பிடிப்பு 150 முதல் 250 நியூட்டன் விசைக்குள், அதாவது 15 முதல் 25 கிலோ எடை தொங்கினால் விட்டுக்கொடுக்கும் அளவில், விடுபட்டுவிட வேண்டும். தரையில் நின்று வேலை செய்பவரின் ஹெல்மெட் ஒரு கம்பியிலோ நகரும் இயந்திரத்திலோ மாட்டிக்கொண்டால் பட்டை கழுத்தை நெரித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். மலையேறுவோருக்கான இஎன் 12492 தரம் இதற்கு நேர் எதிர்: அதில் பட்டை 500 நியூட்டன் வரை பிடித்து நிற்க வேண்டும், ஏனென்றால் உயரத்திலிருந்து விழுபவருக்கு வழியில் ஹெல்மெட் கழன்றுபோவதே பெரிய ஆபத்து. அதே தரம் முன், பின், பக்கவாட்டு அடிகளையும் சோதிக்கிறது. கயிற்றில் தொங்கி வேலை செய்வோருக்காக இந்த வடிவத்தில் வந்தவைதான், பிறகு கட்டுமானத் தளங்களுக்குள் ‘புதிய வகை’ என்ற பெயரில் நுழைந்த விளிம்பற்ற ஹெல்மெட்டுகள். சில வகைகளில் கொக்கியை மாற்றிப் போட்டு இரண்டு நிலைகளிலும் பயன்படுத்தலாம். சாரத்திலும் ஏணியிலும் கூரையிலும் இருப்பவர்களுக்கு இறுகப் பிடிக்கும் பட்டை. தரையில் இயந்திரங்களுக்கு நடுவே இருப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் பட்டை. ஒரே நாளில் இரண்டு இடங்களிலும் வேலை செய்பவர்களுக்கு மாற்றிப் போடும் வகை பொருத்தமாக இருக்கும். ஆனால் எந்த நிலை எதற்கு என்று கற்றுக்கொடுக்காமல் கொடுத்தால் அது வீண்.

அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ இசட்89.1 இதே விஷயத்தை எளிமையான பெயர்களில் பிரிக்கிறது. உச்சியில் விழும் அடியை மட்டும் கணக்கில் கொண்டது 1-ஆம் வகை. பக்கவாட்டு அடியையும் கணக்கில் கொண்டது 2-ஆம் வகை. ஹெல்மெட்டின் உட்புறத்தில் இந்த விவரம் பதிக்கப்பட்டிருக்கும். விற்பனையாளரின் விளம்பரத் தாளைப் படிக்காதீர்கள். ஓட்டைத் திருப்பி உள்ளே அச்சாகியிருப்பதைப் படியுங்கள். நுரைப்பூச்சு இருப்பதாலேயே அது 2-ஆம் வகை ஆகிவிடாது, தாடைப்பட்டை இருப்பதாலும் ஆகிவிடாது. தோற்றத்தில் மலையேற்ற ஹெல்மெட் போல இருந்துகொண்டு 1-ஆம் வகைச் சான்று மட்டுமே பெற்றவை சந்தையில் உண்டு; நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அப்போது தோற்றத்துக்கு மட்டுமே போகும்.

இந்த மாற்றம் உங்களுக்கு மட்டும் தோன்றிய யோசனையல்ல என்பதை உரிமையாளரிடம் சொல்லலாம். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, தன் ஆய்வாளர்கள் அணிந்துவந்த பழைய வகைத் தொப்பிகளை மாற்றி, தாடைப்பட்டையும் பக்கவாட்டுப் பாதுகாப்பும் கொண்ட புதிய ஹெல்மெட்டுகளைக் கொடுக்கப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. அப்போது அது மேற்கோள் காட்டிய 2020-ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, வேலைக்கு வர முடியாமல் செய்த காயங்களில் ஏறத்தாழ 6 சதவீதம் தலைக்காயங்கள். அவற்றில் கிட்டத்தட்டப் பாதி பொருளோ கருவியோ மோதியதால் ஏற்பட்டவை, சுமார் 20 சதவீதம் சறுக்கியும் தடுக்கியும் விழுந்ததால் ஏற்பட்டவை. அது எல்லாத் தொழில்களுக்குமான கணக்கு. ஏணியும் சாரமுமாகவே இயங்கும் கட்டுமானத்தில் விழுவதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எல்லோருக்கும் மாற்றியாக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் தடையில்லை என்றால் ஆம் என்பேன். தடை என்றால், வேலையைப் பார்த்துப் பிரியுங்கள், பதவியைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். சாரம் கட்டுபவர்கள், பிரிப்பவர்கள், சென்ட்ரிங் வேலை செய்பவர்கள், உயரத்தில் கம்பி கட்டுபவர்கள், ஏணியில் ஏறும் மின்பணியாளர்கள், வண்ணம் பூசுபவர்கள் ஆகியோருக்கு முதல் தவணையில் 2-ஆம் வகையைக் கொடுங்கள். தரைத்தளத்தில் கலவை போடுபவர், சுமை தூக்கும் சித்தாள், கொத்தனார் ஆகியோருக்குத் தாடைப்பட்டை சேர்த்த, காலாவதியாகாத பழைய வகை அடுத்த தவணை வரை போதும். பார்வையிட வரும் பொறியாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் பளபளக்கும் புதிய ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, சாரத்தில் ஏறுபவருக்கு நிறம் வெளுத்ததைக் கொடுக்கும் தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அப்படி இல்லை என்றே நம்புகிறேன்.

மின்பணியாளர்களுக்கு வாங்கும்போது ஒரு கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கத் தரத்தில் ‘ஜி’ பிரிவு 2,200 வோல்ட்டிலும் ‘இ’ பிரிவு 20,000 வோல்ட்டிலும் சோதிக்கப்பட்டவை. ‘சி’ பிரிவுக்கு மின்காப்பே கிடையாது. இந்த எண்கள் சோதனைக்கூடத்தில் ஓடு எவ்வளவு தாங்குகிறது என்பதைச் சொல்கின்றனவே தவிர, அவ்வளவு அழுத்தமுள்ள மின்கம்பியைத் தலையால் தொடலாம் என்பதற்கான உரிமம் அல்ல. காற்று போகத் துளைகள் உள்ள ஹெல்மெட்டுகள் மின்காப்புக்கு ஏற்றவையல்ல. வெக்கைக்கு நல்லது என்று அறுபது பேருக்கும் துளையுள்ளதை வாங்கிவிட்டால், ஏணியிலிருந்து விழுந்த அதே மின்பணியாளரை வேறோர் ஆபத்தில் நிறுத்தியவர் ஆவீர்கள்.

வெக்கை, தலைவலி என்ற புகார்களைச் சாக்குப்போக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை பெரும்பாலும் உண்மையானவை, பெரும்பாலும் தீர்க்கக்கூடியவையும்கூட. தலைவலிக்கு மூன்று காரணங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, தாடைப்பட்டை இல்லாததால் கழன்றுவிடாமல் இருக்கத் தலைப்பட்டையை அளவுக்கு மீறி இறுக்கிக்கொள்வது. பட்டை மாட்டிய பிறகு அந்த இறுக்கம் தேவைப்படாது, புகாரும் தானாகக் குறையும். இரண்டு, நான்கு இடங்களில் மட்டும் ஓட்டோடு இணையும் மலிவான உள்பட்டைகள் எடையைச் சில புள்ளிகளிலேயே இறக்குவது. ஆறு இடங்களில் இணைவது எடையைப் பரப்பி வைக்கும். மூன்று, அளவு. மிகச் சிறிய தலைக்கும், அடர்ந்த கொண்டை உள்ள தலைக்கும் ஒரே அளவு ஹெல்மெட் பொருந்தாது. பெண் தொழிலாளர்களுக்குப் பொருந்துகிறதா என்று எவரும் கேட்டே பார்த்ததில்லை என்பதைப் பல தளங்களில் கவனித்திருக்கிறேன். பின்தலையில் திருகி இறுக்கும் சக்கரம் உள்ள வகையில் அளவைச் சரிசெய்வது எளிது. கொண்டையைக் கழுத்துப் பக்கம் தாழ்த்திக் கட்டினால் உள்பட்டை ஒழுங்காக உட்காரும்.

வெக்கைக்கு, வெளிர் நிற ஓடு, கழற்றித் துவைக்கக்கூடிய வியர்வைப்பட்டைகள் ஆளுக்கு இரண்டு, தலையைத் திறந்து காற்று வாங்கப் பாதுகாப்பான நிழலிடத்தில் முறையான இடைவேளை ஆகியவை உதவும். இடைவேளையை நீங்கள் கொடுக்காவிட்டால், சாரத்துக்கு அடியில் நின்றுகொண்டு அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். புதிய வகைகள் பழையவற்றைவிடச் சற்றே கனமானவை, நுரை இருப்பதால் வெப்பமும் கூடுதலாகத் தோன்றலாம். இதை மறைத்து வாங்கிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அத்தனையும் ஆணியில் தொங்கும். எனவே மொத்தமாக வாங்கும் முன் மூன்று மாதிரிகளை மட்டும் வாங்கி, வெவ்வேறு வேலை செய்யும் சிலருக்கு ஆளுக்கொரு வாரம் மாற்றி மாற்றி அணியக் கொடுங்கள். எது நெற்றியை அறுக்கிறது, எது குனியும்போது கண்ணில் இறங்குகிறது, எதன் விளிம்பு அண்ணாந்து பார்க்கும்போது கழுத்தில் முட்டுகிறது என்பதை அவர்கள் சொல்லட்டும். தேர்ந்தெடுத்தவர்களே அணிவார்கள், இந்தத் துறையில் நான் பார்த்தவரை இதைவிட நன்றாக வேலை செய்த பிரசாரம் வேறில்லை.

தலை சுழன்று திரும்பும் விதமான மோதல்களில் மூளைக்கு ஏற்படும் பாதிப்பைக் குறைப்பதற்கென்று, உள்ளே வழுக்கும் மெல்லிய அடுக்கு ஒன்றைச் சேர்த்த ஹெல்மெட்டுகளும் இப்போது வருகின்றன. சரிவாக மோதும்போது தலை ஓட்டுக்குள் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர இடம் கொடுப்பதே அதன் தத்துவம். ஸ்வீடனில் உருவான மிப்ஸ் என்ற அமைப்பு இவற்றில் பரவலாக அறியப்பட்டது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் நிலையில், அதற்குக் கொடுக்கும் தொகையில் இன்னும் இரண்டு பேருக்குத் தாடைப்பட்டையுள்ள 2-ஆம் வகை வாங்க முடியுமென்றால், அதையே முதலில் செய்யச் சொல்வேன்.

இருசக்கர வாகன ஹெல்மெட்டைக் கொண்டுவந்து போட்டுக்கொள்கிறோம் என்று சிலர் சொல்லலாம். அனுமதிக்காதீர்கள். அது வேறொரு வகை மோதலுக்கானது. காதை மூடுவதால் கிரேன் சமிக்ஞையும் எச்சரிக்கைக் குரலும் கேட்காது, வேலை நேரம் முழுவதும் சுமக்கவும் முடியாது. தாழ்ந்த குழாயில் தலை இடிக்காமலிருக்க அணியும் மெல்லிய இடிதடுப்புத் தொப்பிகளும் விழும் பொருளுக்கு எதிரானவை அல்ல.

பழையவற்றின் வயதை எப்படி அறிவது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். விளிம்பின் உட்புறத்தில் ஒரு சிறு வட்டம் அச்சாகியிருக்கும். நடுவில் ஆண்டு, சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், மாதத்தைக் காட்டும் அம்புக்குறி. அது தயாரித்த மாதம். அதிலிருந்தோ பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்தோ எத்தனை ஆண்டு என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பாருங்கள். ஓட்டுக்கு ஐந்தாண்டு, உள்பட்டைக்கு ஓராண்டு என்பது பரவலாகக் காணப்படும் அறிவுரை. வெயிலில் கிடக்கும் தளங்களில் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். பாலித்தீன், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகள் புறஊதாக் கதிரால் மெதுவாக நொறுங்கும் தன்மை பெறுகின்றன: நிறம் வெளுத்து, பளபளப்புப் போய், மேற்பரப்பு சுண்ணாம்பு போல விரலில் ஒட்டும். இரு கைகளாலும் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தால் நெறுநெறுவென்று ஒலி எழுந்தாலோ, விட்டவுடன் பழைய வடிவுக்குத் திரும்பாவிட்டாலோ அதை ஓரங்கட்டிவிடுங்கள். பெயின்ட், தின்னர், பெட்ரோல் ஆகியவை பிளாஸ்டிக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும், ஆகவே ஹெல்மெட்டில் பெயர் எழுத வண்ணம் பூசக் கூடாது. ஸ்டிக்கர்களையும் தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தில், விரிசலை மறைக்காத அளவில் மட்டும் ஒட்டுங்கள். கழுவுவதற்கு இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பணியைப் பிரித்துக்காட்டப் பயன்பட்டால் சரி.

கிளாம்ப் விழுந்த விபத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதில் ஹெல்மெட் வென்றுவிட்டதால் நீங்கள் நிம்மதி அடைந்துவிட்டீர்களோ என்ற ஐயம் கடிதத்தைப் படிக்கும்போது எழுந்தது. அந்தச் சோதனையின் 49 ஜூல் என்பது, 1 கிலோ எடையுள்ள பொருள் தலைக்கு மேல் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 3 கிலோ எடையுள்ள ஒரு செங்கல் தலைக்கு மேல் 3 மீட்டரிலிருந்து விழுந்தாலே 88 ஜூல் ஆகிவிடும். அரைக் கிலோ ஸ்பேனர் 40 மீட்டரிலிருந்து வந்தால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 196 ஜூல் ஆற்றலோடு, அதாவது சோதனையின் நான்கு மடங்கோடு இறங்கும். அவ்வளவையும் தாங்கும் ஹெல்மெட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே சாரத்தின் தட்டுகளில் பொருள்கள் விளிம்பைத் தாண்டி விழாமல் தடுக்கும் கால்தடுப்புப் பலகை, கையிலுள்ள கருவிகளுக்கு இடுப்போடு கட்டும் கயிறு, கழற்றிய கிளாம்ப்களைப் போட ஒரு வாளி அல்லது பை, பிரிக்கும் வேலை நடக்கும்போது கீழே தடுப்பு கட்டி ஆட்களை விலக்குவது ஆகியவையே அந்த விபத்துக்கான உண்மையான பதில். ஏணி விபத்துக்கும் அப்படியே: இரு கையும் வேண்டிய வயரிங் வேலைக்கு ஏணியைக் கொடுக்காமல், கைப்பிடியுள்ள சிறு நகரும் மேடையைக் கொடுத்திருந்தால் அவர் விழுந்திருக்கவே வாய்ப்பு குறைவு.

ஹெல்மெட் மட்டும் போதாது என்பதைத் தொடக்க காலத்திலேயே உணர்ந்தவர்கள் உண்டு. முதல் உலகப் போரில் எஃகுத் தலைக்கவசம் அணிந்து திரும்பிய எட்வர்ட் புல்லார்ட் என்பவர், சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் துணியைப் பசையிட்டு நீராவியில் இறுக்கி ஒரு கடினத் தொப்பியை உருவாக்கினார். அது 1919-இல் விற்பனைக்கு வந்தது. 1933-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கோல்டன் கேட் பாலப் பணியில் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் கடினத் தொப்பியைக் கட்டாயமாக்கினார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பாலத்துக்கு அடியில் பாதுகாப்பு வலையையும் கட்டினார், அந்த வலையில் விழுந்து உயிர் பிழைத்தவர்கள் 19 பேர். அந்த வலைக்கும் ஓர் எல்லை இருந்தது: 1937 பிப்ரவரியில் ஒரு சாரமே பெயர்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தனர்.

தலையில் அடிபட்டவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கிளாம்ப் விழுந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை மருத்துவரிடம் காட்டினீர்களா என்று எழுதவில்லை. உச்சந்தலை அடி கழுத்தெலும்பு வழியாகவே கீழிறங்குகிறது, ஆகவே கழுத்து வலி இன்னும் இருந்தால் இப்போதாவது காட்டுங்கள். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும் காயங்களில், அடிபட்டவர் சில மணி நேரம் தெளிவாகப் பேசி நடமாடிவிட்டுப் பிறகு சட்டென்று மோசமாவது உண்டு. எனவே ஹெல்மெட் அணிந்திருந்தாலும், பலமான அடிக்குப் பிறகு அவரை மீண்டும் உயரத்துக்கு ஏற்றாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள், தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தொடர் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அசாதாரணத் தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ இரத்தமோ வடிவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களையும் வயதானவர்களையும் அறிகுறி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். உயரத்திலிருந்து விழுந்து நினைவிழந்து கிடப்பவரின் ஹெல்மெட்டை, மூச்சு தடைபட்டாலன்றி, பயிற்சி பெற்றவர் வரும்வரை கழற்ற முயல வேண்டாம். தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டால் போதும்.

உரிமையாளரிடம் எடுத்துச் செல்ல ஒரு தாள் வேண்டுமென்றால், அதில் இந்த வரிசையில் எழுதுங்கள்: இந்த வாரம் வயது முதிர்ந்த, அடிபட்ட ஹெல்மெட்டுகளைக் கழித்துவிட்டு, மீதமுள்ளவற்றுக்குத் தாடைப்பட்டை மாட்டுவது, அடுத்த இரு வாரங்களில் கால்தடுப்புப் பலகையும் கருவிக் கயிறுகளும் ஏணிக்கு மாற்றான மேடையும், அதே சமயத்தில் மூன்று மாதிரி ஹெல்மெட்டுகளை அணிந்து பார்க்கும் சோதனை, மாத முடிவில் உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு முதல் தவணைக் கொள்முதல். ஏணியிலிருந்து விழுந்தவர் வேலைக்குத் திரும்பியதும், அந்த மூன்று மாதிரிகளில் எது குனிந்து தலையை ஆட்டினாலும் அசையாமல் இருக்கிறது என்று முதலில் அவரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.